இல்லாத வலிப்பும் என் லைசென்சும்

உத்திரமேரூர்

அன்பு மகன் தௌஹீதுக்கு உன் அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அம்மாவும் தம்பி காசிமும் அல்லாஹ்வின் கிருபையால் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், குவைத் வெயிலில் நீயும் மருமகள் முஸ்கானும் சுகமாக இருக்க துஆ செய்கிறோம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இல்லாத வலிப்பு நோயை இருப்பதாக எழுத வைத்து என் டிரைவிங் லைசென்சை நிறுத்திவிட்டார்கள். எழுத வைத்தவன் உன் தம்பி. தெரிந்த பிறகும் அப்படியே இருக்கட்டும் என்றவன் நீ. போனில் சொன்னால் நடுவில் பேசி என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுதாகப் படி.

நடந்ததில் பாதிதான் உனக்குத் தெரியும். ரமலானில் அன்று விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்து வழக்கமான சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு நோன்பு வைத்தேன். மாத்திரையைக் குறைக்க வேண்டுமா என்று டாக்டரைக் கேட்காதது என் தப்பு, அதற்குத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். சாயங்காலம் நம் கடையிலிருந்து வெளியூர்க் கடைகளுக்குச் சரக்கு போட்டுவிட்டு நம் வண்டியில் திரும்பும்போது திருப்புலிவனம் தாண்டிக் கண் இருட்டியது, வியர்த்துக் கொட்டியது, ஓரம் கட்டப் பார்த்தேன், வண்டி கருவேலம் புதரில் போய் நின்றது. கை கால் நடுங்கியதைப் பார்த்து டீக்கடை முனியம்மாள் ஓடிவந்து, "ஐயோ, பாய்க்கு வலிப்பு வந்துக்கீது, இரும்பு குடுங்கடா" என்று கத்தித் தன் கடைச் சாவிக்கொத்தை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தியிருக்கிறாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை, அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அது. ஆனால் என் கையில் சாவியைப் பார்த்தவர்கள் எல்லோரும் வலிப்பு என்றே பேசினார்கள். பிறகு வந்த காசிமும் ஆஸ்பத்திரியில், "அத்தாவுக்கு ஃபிட்ஸ் வந்துச்சு சார்" என்று தானே பார்த்ததுபோலச் சொன்னான், சீட்டில் அதுவே ஏறிவிட்டது. அதற்கு முன்பே, ஆம்புலன்சில் வந்த சுகுமார் என்ற பிள்ளைதான் வழியில் விரலில் குத்திப் பார்த்து, "சக்கர சுத்தமா எறங்கிக்கீது" என்று சொல்லி குளுக்கோஸ் ஏற்றினான். அதில்தான் கண் திறந்தேன், ஆனால் அவன் பார்த்த அளவு ஆஸ்பத்திரிச் சீட்டில் ஏறவில்லை. அன்றைய நோன்பும் போயிற்று.

லைசென்சைப் புதுப்பிக்க டாக்டர் சர்ட்டிபிகேட் கேட்டார்கள். அந்த டாக்டர் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். வலிப்பு என்றால் லைசென்ஸ் கிடையாது, சர்க்கரை என்றால் டாக்டர் பார்த்து முடிவு சொல்லலாம். அதிகம் படிக்காத நான் எழுத்துக்கூட்டிப் படித்தே இதைத் தெரிந்துகொண்டேன். வந்து உண்மையைச் சொல்லடா என்று காசிமைக் கூப்பிட்டேன். "எழுதனது எழுதனதாவே கீட்டும் அத்தா, நல்லதா போச்சு, கடைல குந்திக்கினு இருங்க, அண்ணனும் அதான் சொல்லுது" என்றான். வயதாகிவிட்டது, ஓட்டாதீர்கள் என்று நீங்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். ஒரு பொய்யை வைத்து உட்கார வைத்தீர்களே, அதுதான் ஆறவில்லை.

இப்போது மோகன்குமார் என்று ஒரு ஆள் ஓட்டுகிறான், நான் இடது பக்கம் உட்கார்ந்து போகிறேன். வேகத்தடை வந்தால் அங்கே இல்லாத பிரேக்கை என் கால் மிதிக்கிறது, "பாய், தரைய ஓட்ட போட்டுடாதீங்க" என்று சிரிக்கிறான். பக்கத்து ஊர் பெருநகரில், நாம் சரக்கு போடும் கடை வைத்திருக்கும் கிருஷ்ணசாமி, "இன்னா பாய், ஓனரே கிளீனர் ஆய்ட்டீங்க" என்றார். நானும் சிரித்தேன், அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. உன் அம்மா, "புள்ளைங்க பயந்துக்கினு சொல்லுதுங்க" என்று உங்கள் பக்கமே பேசுகிறாள். பயம் எனக்கு இல்லையா? அந்தப் புதர் இருந்த இடத்தில் சைக்கிளில் பிள்ளைகள் வந்திருந்தால் என்று நினைக்காத நாளில்லை.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். காசிம் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, தான் பார்க்கவில்லை, ஊரார் சொன்னதைத்தான் சொன்னேன் என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். அன்றைக்குச் சர்க்கரை எவ்வளவு இருந்தது என்பதைத் தன் ஆபீசில் கேட்டு வாங்கித் தருவதாகச் சுகுமார் சொல்லியிருக்கிறான், அதை அவன் செய்ய வேண்டும். நரம்பு டாக்டர் எத்தனை டெஸ்ட் சொன்னாலும் நான் தலையைக் கொடுப்பேன். மாத்திரையைப் பற்றிக் கேட்பதும், நோன்பு வைத்த நாளில் ஸ்டியரிங்கைத் தொடாமல் இருப்பதும் என் வேலை. எனக்கு இருக்கிற சர்க்கரை உனக்கும் வரலாம், முஸ்கான் உன்னை இழுத்துக்கொண்டு போய் ரத்தம் பார்க்க வைக்க வேண்டும். அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளையும் நிறைந்த பரக்கத்தையும் தருவானாக. மறக்காதே, உன் லீவு நாளில் காசிமுக்குப் போன் செய்து என்னோடு போகச் சொல்ல வேண்டியது நீ. உண்மை அத்தனையும் கேட்ட பிறகும் டாக்டர் ஓட்ட வேண்டாம் என்றால், வண்டியை விற்க வேண்டியது நான், நீங்கள் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உன் அத்தா
காஜா மொய்தீன்