சந்தனத்துக்குக் கீழே

மீனுப்பா,

என் உள்ளங்கையில் சந்தனம் ஒட்டியிருக்கிறது. காய்ந்து, ரேகைகளின் வழியே வெடித்து, பொடிப்பொடியாக மடியில் உதிர்கிறது. மீனு பள்ளிக்கூட பஸ்ஸைப் பிடிக்க ஓடி வெகுநேரம் ஆகிவிட்டது. குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. மட்டாஞ்சேரியில் தண்ணீர் வரும் நேரத்தில் குடத்தை வைக்காமல் ஒருத்தி சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்றால் நீங்கள் கிண்டல் செய்யாமல் விடமாட்டீர்கள். எனக்குக் கை கழுவ மனம் வரவில்லை.

நீங்கள் போன பிறகு இந்த வீட்டுக்குள் சந்தனம் வந்தது இதுதான் முதல் தடவை. சந்தனக் கல்லை அப்போதே பரண்மேல் போட்டுவிட்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. புருஷன் போனவள் இப்படித்தான் இருப்பாள் என்று நினைத்திருப்பார்கள். இன்று காலையில் மீனு கோயிலுக்குப் போய், வாழையிலைத் துண்டில் வாங்கிவந்து, கண்ணாடி முன் நின்று நெற்றியில் இட்டுக்கொண்டாள். அவள் வகுப்பு இன்று டூர் போகிறது. அதே தண்ணீர்ப் பார்க்குக்கு.

அந்தப் பார்க் நீங்கள் அவளுடைய பிறந்தநாளுக்குச் சொல்லியிருந்த வாக்கு. அதற்குள் கொரோனா வந்து ஊரே பூட்டிக்கொண்டது. பஜார் ரோட்டில் மிளகு மண்டிகள் மூடிக் கிடந்தன. அவை மூடிக் கிடந்தால் உங்கள் சாக்குக் கடைக்கு யார் வரப்போகிறார்கள்? நீங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆளில்லாத தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். மீனு குளியலறையில் வாளித் தண்ணீரைக் கையால் அலையடித்துப் பொம்மையைக் குளிப்பாட்டுவாள். அலைக்கு முன்னால் வாயாலேயே சைரன் ஊதுவாள். பார்க்கில் அலை விடுவதற்கு முன் சைரன் ஊதும் என்று நீங்கள் சொல்லிக்கொடுத்திருந்தீர்கள். "தொறக்கட்டும் மோளே, மொத ஆளா நாமதான்," என்பீர்கள்.

பார்க்கைத் திறந்தார்கள். ஆட்களைக் குறைத்துத்தான் உள்ளே விடுவார்களாம், வாசலில் காய்ச்சல் பார்ப்பார்களாம். எனக்குப் பயம். "இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே," என்றேன். "இனியும் தள்ளினா அவ என்னை நம்ப மாட்டா. வண்டி சொல்லியாச்சு," என்றீர்கள். அத்தோடு பேச்சு முடிந்தது. உங்கள் பிடிவாதம் எனக்குப் புதிதா என்ன?

அதற்குப் பிறகு நடந்ததை நான் எத்தனையோ முறை வரிசையாக அடுக்கிப் பார்த்திருக்கிறேன். கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி உஷ்ணமாக இருக்கிறது என்று சொல்லி ஹாலில் போய்ப் படுத்தீர்கள். காலையில் நான் எழுந்தபோது சந்தனம் அரைத்துக்கொண்டிருந்தீர்கள். கோயிலில் அப்போது சந்தனம் கொடுப்பதை நிறுத்தியிருந்தார்கள், அதனால் வீட்டில் அரைப்பது அதிசயமில்லை. ஆனால் எப்போதும் ஒற்றை விரலால் மெல்லிசாக ஒரு குறி இடுகிற ஆள், அன்று நெற்றி முழுக்க அப்பியிருந்தீர்கள். "என்ன இது, கல்யாண மாப்பிள்ளையா?" என்று கேட்டு, ஓரத்தில் வழிந்ததைத் துடைக்கக் கையை நீட்டினேன். நீங்கள் தலையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டீர்கள்.

"தொடாதே, கலைஞ்சுடும்," என்றீர்கள்.

வண்டியில் முன் ஸீட்டில் உட்கார்ந்தீர்கள். மாஸ்க்கின் மேல் இன்னொரு மாஸ்க். வைட்டிலா தாண்டும்வரை மீனு உங்கள் மடிக்கு வர அழுதாள். நீங்கள் கண்ணாடியை இறக்கி வெளியே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். பார்க் வாசலில் காவலாளி உங்கள் நெற்றிக்கு நேரே அந்தக் காய்ச்சல் துப்பாக்கியை நீட்டினார். அது ரொம்பக் குறைவாகக் காட்டியது. ஈரச் சந்தனத்தை அளந்தால் வேறு என்ன காட்டும்? "எந்தா சேட்டா, ஐஸ் பெட்டியில் நின்னாணோ வருந்நது?" என்று, ஐஸ் பெட்டிக்குள்ளிருந்தா வருகிறீர்கள் என அவர் மலையாளத்தில் கேட்க, வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவ்வளவு நாள் கழித்து நாலு மனிதர்களோடு சேர்ந்து சிரித்தது நன்றாகத்தான் இருந்தது. "மதி, போய்க்கோ," போதும் போங்கள் என்று உங்களை உள்ளே விட்டார்.

அலைக்குளத்தில் நீங்கள் இறங்கவே இல்லை. மாதக்கணக்கில் அதைப் பற்றியே பேசியது நீங்கள். தொலைவில் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், மரத்தடியில் தனியாக உட்கார்ந்தீர்கள். சாப்பாட்டுக்குக்கூட உங்கள் பொட்டலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அங்கேயே போய்விட்டீர்கள். சைரன் ஊதும்போதெல்லாம் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினீர்கள். மீனு இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, "அப்பா, வாப்பா!" என்று கத்தினாள். "அடுத்த வட்டம் வரேன்! அம்மா கையை விடாதே!" என்று அங்கிருந்தே கத்தினீர்கள். அலை வந்து எங்கள் இரண்டு பேரையும் தூக்கிப் போட்டது. அவள் சிரித்த சிரிப்பு குளம் முழுக்கக் கேட்டது. அன்றைக்கு அவளைவிடச் சந்தோஷமான பிள்ளை இந்த ஊரில் இருந்திருக்க முடியாது.

திரும்பி வந்த மறுநாளே காய்ச்சல் என்றீர்கள். ஆம்புலன்ஸ் நம் சந்துக்குள் வராது என்று தெருமுனை வரை நீங்களே நடந்து போனீர்கள். வாசலில் நின்ற எங்களைப் பார்த்து, பார்க்கில் செய்த மாதிரியே இரண்டு கையையும் ஆட்டினீர்கள். பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. சுடுகாட்டில் எங்களைத் தூரத்தில் நிறுத்தினார்கள். தலை முதல் கால் வரை கட்டியிருந்ததால் முகம் தெரியவில்லை. நம் வீட்டில் நெற்றியில் சந்தனம் வைக்காமல் அனுப்பப்பட்ட முதல் ஆள் நீங்கள்தான்.

நான் அழவில்லை. இன்றுவரை சரியாக அழவில்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்து மரத்துப்போன கால் மாதிரி இருக்கிறது. கிள்ளினால் கிள்ளுவது தெரிகிறது, வலிக்கவில்லை. சமைக்கிறேன், கடையைப் பார்த்துக்கொள்கிறேன், மீனுவை அதட்டுகிறேன். எல்லாம் நடக்கிறது.

சுள்ளிக்கல்லில் இருக்கும் உங்கள் அண்ணன் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "அந்தப் பார்க் தண்ணியில எறங்கினதுதான் அவனை எடுத்துட்டுது." நீங்கள் தண்ணீரில் காலைக்கூட நனைக்கவில்லை என்று நான் அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் ஏன் இறங்கவில்லை என்று கேட்பார். அதற்குப் பதில் உங்களிடம்தான் இருந்தது.

உங்களுக்குத் தெரியுமா? அன்று காலையிலேயே உடம்பு சுட்டது உங்களுக்குத் தெரிந்துதான் சந்தனத்தை அப்பினீர்களா? சில நாள் தெரியாது என்றே நினைக்கிறேன். உஷ்ணம் என்றீர்கள், சந்தனம் குளிர்ச்சி என்று வைத்தீர்கள், களைப்பில் தனியாக உட்கார்ந்தீர்கள், அவ்வளவுதான். சில நாள் தெரிந்துதான் செய்தீர்கள் என்று தோன்றும். அப்போது எனக்குக் கோபம் வரும். அந்தக் காவலாளி, வண்டி ஓட்டியவர், வரிசையில் சிரித்தவர்கள், இவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருக்காதா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அந்தக் கோபமும் கொஞ்ச நேரத்தில் ஆறிப்போகும். ஏனென்றால் எங்கள் இருவருக்கும் ஒன்றும் வரவில்லை. ஒரே வீட்டில் இருந்தோம், ஒரே வண்டியில் போனோம், பரிசோதனையில் ஒன்றுமில்லை என்றார்கள். நீங்கள் அவ்வளவு தள்ளியே இருந்திருக்கிறீர்கள்.

மீனுவுக்கு இதெல்லாம் தெரியாது. அவளுக்கு அது அப்பா கூட்டிப்போன பார்க், அப்பா எழுந்து நின்று கையாட்டிய நாள். அதை நான் கெடுக்கப்போவதில்லை. இன்று போகட்டுமா என்று அவள் கேட்டபோது எனக்குப் பயமாகவும் இல்லை, துக்கமாகவும் இல்லை. சரி என்றேன்.

பையை மாட்டிக்கொண்டு செருப்புப் போடக் குனிந்தாள். நெற்றியில் அந்தச் சந்தனம், இன்னும் ஈரமாக. நான் போய் அவள் முகத்தைப் பிடித்து நிமிர்த்தி, உள்ளங்கையை முழுசாக அதன்மேல் வைத்து அழுத்தினேன். முதலில் ஜில்லென்றுதான் இருந்தது. கீழே உடம்புச் சூடு தெரியும்வரை கையை எடுக்காமல் காத்திருந்தேன்.

"விடும்மா, கலைஞ்சுடும்," என்றாள்.

"கலையட்டும்," என்றேன்.