கன்னிச்செருப்பு பூக்கும் இடம்

கூசமோ,
செப்டம்பர் 9

அன்பு மகள் துலிக்கிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் என் முட்டிவலியும் சுகம், ஆஸ்திரேலியாவில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஆண்டவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

காலையிலிருந்து மூன்று தரம் காபி போட்டு மூன்றையும் ஆறவிட்டேன், ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அப்பா உன் பேருக்கு எழுதிய குன்றடிக் காட்டை வெட்ட நீ கையெழுத்துப் போட்டாயே, தரை உறைந்ததும் மெஷின் வருகிறதாம், மரங்களில் நீல நாடா கட்டிவிட்டார்கள். கோபம் இருக்கிறது, ஆனாலும் தப்பு என்னுடையது. அங்கே கன்னிச்செருப்பு ஆர்க்கிட் பூக்கிறது, அதை அழிக்கக்கூடாதென்று சட்டமே இருக்கிறது, உனக்குத்தான் நான் சொல்லவேயில்லை. சதுப்புப் பழம் பொறுக்கும் இடத்தையே பெற்ற பிள்ளைக்குக் காட்டாத ஜனங்கள் நாம், இதை எப்படிச் சொல்வேன். ஜூலையில் மரக் கம்பெனி கஸ்பெரியைக் கூட்டிப்போனேன், அவன் சுற்றிப் பார்த்துவிட்டு, என்னம்மா, வெறும் பாசிக்கா என்னை இவ்வளவு தூரம் நடக்க வெச்சீங்க என்று சிரித்தான். பூத்து முடிந்தால் இலையும் கருகிவிடும், புது இலை இலையுதிர்காலத்தில்தான் வரும். அதைச் சொல்லியும் நம்பவில்லை. அன்றிலிருந்து தினமும் போய் ஸ்புரூஸ் மரங்களுக்கடியில் மண்டியிட்டுத் தடவினேன், என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் உன் ஹில்யா அத்தையைக் கூப்பிட்டேன். அறுபத்தொன்றாம் வருஷம் அங்கிருந்து மூன்று செடியைத் தோண்டி அவள் வீட்டு சவுனா நீராவிக் குடிலின் ஓரத்தில் நட்டுச் சாகடித்தவள்தானே, இடம் தெரியும். வியாழக்கிழமை அவள்தான் பார்த்தாள், கட்டைவிரல் அகலத்தில் மடிப்பு மடிப்பாய் ஒரு கரும்பச்சை இலை. நீ விட்டுவெச்ச மிச்சம் என்றேன். இன்னுமா அண்ணி அதை மறக்கலே, எம் புருஷன் பேரே எனக்கு மறந்துபோச்சு என்றாள். அப்புறம் இருவரும் தவழ்ந்தே பதினொன்று எண்ணினோம்.

முதல் பனி விழுந்தால் எல்லாம் மூடிப்போகும். காட்டுக்காரி நீ, நீ சொன்னால்தான் கஸ்பெரி மறுபடி வருவான், உடனே போன் பண்ணு. இடத்தை எழுதுகிறேன், உன் அப்பாவுக்கும் சொல்லாதது: ஓடையைத் தாண்டி, இடி விழுந்து சாய்ந்த ஸ்புரூஸின் வேரிலிருந்து வடக்கே இருபது தப்படி. சுற்றியுள்ள மரங்களையும் தொடக்கூடாது, நிழல் போனால் பூவும் போச்சு.

ஆண்டவர் உங்களைக் காக்கட்டும். பேசி முடித்ததும் இந்தக் காகிதத்தைக் கொளுத்திவிடு. அத்தைக்குக் கிறிஸ்துமஸ் அட்டை அனுப்பு, அம்மா மன்னித்துவிட்டாள் என்று மட்டும் எழுதிவிடாதே.

உன் அம்மா,
ஐலி