தண்ணீர்த் தாங்கியின் நிழல்

வெள்ளவத்தை
09.02.2025

அன்புள்ள தனாவுக்கு,

போனில் கதைத்தால் சண்டையில்தான் முடிகிறது என்றீர்கள், அதனால் எழுதுகிறேன். மொட்டைமாடியில் டெலஸ்கோப் வைத்து எடுத்த கரீனா நெபுலாவின் படங்கள் எல்லாவற்றையும் அனுப்பிவிட்டேன். ஒரு கிழமையாக மழை இல்லை. மேல்வீட்டு ஹமீமா மாமி எனக்காக மொட்டைமாடி விளக்கை அணைத்துவிடுகிறார். "லைட்ட ஓஃப் பண்ணிட்டன் மகள், விழுந்திடாம நில்லுங்க" என்பார். அவருடைய தண்ணீர்த் தாங்கிதான் தொல்லை. நெபுலா கடல் பக்கம் சாயத் தொடங்கியதும் தாங்கியின் நிழல் படத்தின் மூலையில் ஏறிவிடுகிறது.

குளிருக்கு அந்த நீலத் தொப்பியைப் போடுகிறீர்களா, இல்லை அது அலுமாரியில் தூங்குகிறதா?

உங்கள் ரூபி

ஸ்காபரோ
கனடா
20.02.2025

அன்புள்ள ரூபி,

தாங்கியின் நிழல் விழுந்த படங்களை எறிந்துவிட்டு மிச்சத்தைக் கணினியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கினேன். விண்முகிலின் சிவப்பு அருமையாக வந்திருக்கிறது. இங்கிருந்து அந்த நெபுலா ஒருநாளும் தெரியாது, அடிவானத்துக்குக் கீழேயே கிடக்கும்.

உமக்கு விசா கிடைத்து ஐந்து மாதமாகிறது. வங்கியில் இன்னும் வேலையை விடுவதாகச் சொல்லவில்லையா? ஏப்ரலுக்கு டிக்கெட் போடுகிறேன். டெலஸ்கோப்பை வானியல் சங்கத்து நபீஸிடம் கொடுத்துவிடும். எங்கள் பால்கனி வடக்குப் பார்த்தது, இங்கே வந்தால் உமக்கு அது தேவைப்படாது.

அன்புடன்
தனா

வெள்ளவத்தை
08.03.2025

அன்புள்ள தனாவுக்கு,

நபீஸ் போன் எடுத்தான். "தனா நானா எப்ப கொழும்புக்கு வந்த? சொல்லவே இல்லியே!" என்றான். சங்கத்தின் இணையப் பக்கத்தைப் போய்ப் பார்த்தேன். என் நெபுலாவின் கீழே 'தனஞ்சயன், வெள்ளவத்தை' என்று போட்டிருக்கிறீர்கள். நீங்கள் வெள்ளவத்தையை விட்டுப் போய் மூன்று வருஷம்.

எனக்குச் சரியான கோபம் வந்தது. பிறகு அழுதேன். என் பெயரையும் சேர்த்துவிடுங்கள், அது போதும். டிக்கெட்டைப் பற்றிப் பிறகு கதைப்போம்.

உங்கள் ரூபி

ஸ்காபரோ
11.03.2025

அன்புள்ள ரூபி,

ஒரு பெயருக்கு இவ்வளவா? புருஷன் பெண்சாதி இரண்டு பேரும் ஒன்றுதானே, யார் பெயர் இருந்தால் என்ன? கோபிக்காமல் கேளும். கமராவை முடுக்கிவிட்டு நீர் போய்ப் படுத்துவிடுவீர். படம் பிறப்பது இங்கே, என் கணினியில்தான். இனி மாற்றினால் சங்கத்தில் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

ஏப்ரல் பத்தொன்பதுக்கு டிக்கெட் போட்டாயிற்று. குளிர் உடுப்புகளை இங்கே வாங்கலாம்.

தனா

வெள்ளவத்தை
30.03.2025

அன்புள்ள தனாவுக்கு,

நான் போய்ப் படுப்பதில்லை. மேகம் வந்தால் நிறுத்த வேண்டும், டெலஸ்கோப் கண்ணாடியில் ஈரம் படிந்தால் ஹெயார் ட்ரையர் பிடிக்க வேண்டும். கதிரை போட்டு அங்கேயேதான் இருப்பேன். இந்த மூன்று வருஷத்தில் நீங்கள் அதை ஒருநாளும் கேட்கவில்லை.

இந்த முறை நானே அடுக்கிப் பார்த்தேன். நிறம் வெளிறித்தான் இருக்கிறது, உங்கள் படத்துக்குக் கிட்டவும் வராது. தாங்கியின் நிழல் விழுந்தவற்றையும் சேர்த்தேன். அது ஒரு மூலையில் கறுப்பாக நிற்கிறது. நபீஸிடம் காட்டினேன். "இது ஹமீமா மாமிட டேங்க் தானே!" என்று சிரித்தான். யார் எடுத்தது என்று அவன் கேட்கவில்லை.

உங்கள்மேல் வெறுப்பு இல்லை. தொப்பியைப் போடுங்கள். டிக்கெட்டை ரத்துச் செய்துவிடுங்கள். டெலஸ்கோப் என்னிடமே இருக்கட்டும்.

படத்தை இத்துடன் அனுப்புகிறேன். அதன் கீழே இப்படித்தான் போட்டிருக்கிறேன்:

ரூபிகா,
வெள்ளவத்தை