கொய்யா வேரில் இறங்கிய உப்பு

என் மைமூனே,

நீ மண்ணுக்குள் போன பிறகு உனக்குச் சொல்ல நல்ல சேதி ஒன்றும் சேரவில்லை. இருப்பதைச் சொல்கிறேன். கொல்லையில் நீ வைத்த கொய்யா மரங்கள் சாகின்றன.

நம் ஆயக்குடி போர்வெல் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. பழ ஜெல்லி காய்ச்ச பாய்லர் வாங்கினேன், அதற்குள்ளும் சுண்ணாம்பு ஓடு ஓடாகப் படிந்தது. மெக்கானிக் சொல்லி, மதுரையிலிருந்து ஒரு உருளை வாங்கி மாட்டினேன். உள்ளே குருணை போன்ற மணிகள். தண்ணீரில் கரைந்த சுண்ணாம்பை அவை பிடித்துக்கொள்ளும். பிடித்துத் தளர்ந்தால், சாப்பாட்டு உப்பைக் கரைத்து ஊற்றிக் கழுவ வேண்டும். அந்தக் கழுவு தண்ணீர் கடலாகக் கரிக்கும். அதை ஓடையில் விடச் சொல்லித்தான் மெக்கானிக் போனார்.

தண்ணீரை வீணாக விட நம் ஊரில் யாருக்கு மனசு வரும்? தொழுகைக்கு ஒளுச் செய்த தண்ணீர்கூட மரத்தடிக்குத்தானே போகும்? நான் பழச் சந்தைகளில் அலைந்த நாட்களில் உன் தம்பி அமீது அந்தக் கழுவு தண்ணீரைக் கொய்யாவுக்குத் திருப்பி வாய்க்கால் வெட்டிவிட்டான்.

இலை கருகியதும் கேட்டேன். "ஏலே, எந்தத் தண்ணிய விட்ட?"

"தெளிஞ்ச தண்ணிதான் மச்சான். அக்கா மரம் காஞ்சு கெடக்கேன்னு விட்டேன்."

"நாக்குல வச்சுப் பாத்தியா?"

குனிந்து வாய்க்கால் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தான். துப்பவில்லை, விழுங்கிவிட்டு அழுதான். ஓங்கிய கையை நான் என்ன செய்வது?

நல்ல தண்ணீர் விட்டு உப்பை அடிமண்ணுக்கு இறக்கச் சொன்னார்கள். மழை ஏமாற்றிவிட்டது. மலையிலிருந்து லாரியில் தண்ணீர் இறக்கினேன். மண் அதைக் குடித்துவிட்டு மறுபடி வெள்ளையாகப் பூக்கிறது. எதையும் விலை பேசி வாங்கிய ஆள் நான். தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்க மிஷின் கிடைத்தது. மண்ணிலிருந்து பிரிக்க எங்கே போவேன்?

நேற்று வேலையாட்கள் சொன்னார்கள், "பட்டுப்போன மரம்ங்க. வெரசா வெட்டுனா பாய்லருக்கு ஆகும். கொய்யா வெறகு நின்னு எரியும்."

கணக்குப்படி சரிதான். நானும் வேறொருவனுக்கு அதையேதான் சொல்லியிருப்பேன்.

துளிர்க்கும் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால், மைமூன், நான் இருக்கும்வரை அவை பட்ட மரமாகவே நிற்கும். ஒரு சுள்ளிகூட என் அடுப்புக்குள் போகாது.

உன் பிள்ளைகளின் அத்தா,
உன் வீட்டுக்காரன்