சாந்தினியின் மூன்று நல்ல குணங்கள்

4 மார்ச் 2024, திங்கள்
கோலா மூடா மீன்பிடிக் கரையில் கடைக்கு நெத்திலிக் கருவாடு எடுத்தேன். ஈரம், மணல், உப்பு என்று மூன்று குறை சொன்ன பிறகே விலை இறங்கியது. பதினெட்டு வருட வியாபாரத்தில் குறை சொல்லாமல் நான் எதையும் வாங்கியதில்லை.
மகள் சாந்தினியின் கப்பல் கல்லூரியிலிருந்து நிரப்பி அனுப்ப ஒரு பாரம் வந்திருக்கிறது. பிள்ளையின் மூன்று நல்ல குணங்களைப் பெற்றோர் எழுத வேண்டுமாம். அரை மணி நேரம் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். ஒரு வரிகூட வரவில்லை.

7 மார்ச்
கல்லூரி ஆலோசகர் புவான் ரொஸ்னா போன் செய்தார். பாடத்தில் கெட்டிக்காரியாம். ஆனால் பயிற்சிக்கு ஆள் எடுக்கும் கப்பல் கம்பெனி நேர்காணலில் வாயே திறக்கவில்லையாம். இன்னும் ஒரு வாய்ப்புதான். அதுவும் போனால் கப்பல் இல்லை, படிப்பும் அதோடு நின்றுவிடும்.
"வீட்டில் உன்னை என்ன சொல்வார்கள்?" என்ற கேள்விக்கு அவள் எழுதிய பதிலையும் வாசித்தார்: பயந்தாங்கொள்ளி.
அது என் வார்த்தை.

8 மார்ச்
இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். அந்த வாய்ப்பும் தவறினால் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். ஒரு நிமிடமா? நேற்று முழுக்க. அவள் போன பிறகு டிவியைச் சத்தமாக வைத்தால்தான் சோறு இறங்குகிறது. அதற்காக — என்ன தாய் நான்?

12 மார்ச்
பாசாரில் பக்கத்துக் கடை ராக்காயி அக்கா கேட்டாள்: "என்னா நவமணி, ஒன் மக கப்பல் ஏறிட்டாளா? வேன் வழுக்குனதுக்கே ஊரக் கூட்டுனவளாச்சே!" எல்லோரும் சிரித்தார்கள்.
அந்தக் கதையைப் பரப்பியவளே நான்தான். பாலிங் மலைச்சாலை, மழை, சரக்கு ஏற்றிய எங்கள் வேன் பின்னால் சறுக்கியது. ஆனால் கத்தியது நான். சாந்தினி இறங்கி டயருக்குக் கல் வைத்தாள். எதிரே வந்த லாரியைக் கை காட்டி நிறுத்தினாள். அவளுக்குப் பதினைந்து வயசு அப்போது. நான் பயந்தேன் என்று தெரிந்தால் பாசாரில் ஒருத்தனும் மதிக்க மாட்டான் என்று ஆளை மாற்றிச் சொன்னேன். அவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒரு தடவைகூட மறுக்கவில்லை.

13 மார்ச்
சாந்தினிக்குப் போன் போட்டேன். "அன்னைக்குக் கத்துனது நான்தான்டி."
"தெரியும்மா. நான் அங்கதானே இருந்தேன்." பிறகு மெதுவாக, "ஆனா நீங்க சொல்லிச் சொல்லி எனக்கே டவுட் வந்துருச்சு லா."
பாரத்தில் அந்த மழைநாளை அப்படியே எழுதினேன். மூன்று குணமாகப் பிரிக்கத் தெரியவில்லை.

14 மார்ச்
பாசாரிலும் சொல்லிவிட்டேன். இப்போது என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

22 மார்ச்
"கப்பல் கெடச்சிருச்சும்மா!" என்றாள். அவள் இத்தனை சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. ரொம்ப நல்லது என்றேன். போனை வைத்த பிறகு வேலையே ஓடவில்லை.

9 ஜூன், ஞாயிறு
நேற்று செய்தி அனுப்பியிருந்தாள்: இன்று காலை ஏழு மணிவாக்கில் அவள் கப்பல் பினாங்குக்கு வெளியே கடலில் கடக்குமாம், துறைமுகத்தில் நிற்காதாம். ஆறரைக்கே கோலா மூடா கரைக்குப் போய்விட்டேன். தூரத்தில் மூன்று கப்பல்கள். பெரிய கப்பல் அதற்கும் அப்பால் போகும், இங்கிருந்து தெரியாது என்றார் மீன்காரர் பாக் மான். அது எனக்கும் தெரிந்ததுதான்.
மூன்றும் மறையும்வரை நின்றேன். அதற்குள் நல்ல சரக்கையெல்லாம் மற்றவர்கள் எடுத்துப் போய்விட்டார்கள்.