கரும்பலகையில் எழுதிவிட்டேன்

ஆன்ட்ரோஸ் தீவு,
3 மார்ச் 1996, ஞாயிறு

அன்புள்ள ஸ்தமாத்திஸுக்கு,

நலம். கப்பலில் நீயும் நலமாக இருக்க வேண்டும் என்று புனித நிக்கோலாஸிடம் தினமும் வேண்டிக்கொள்கிறேன். முதலில் எழுதிய அந்த 'நலம்' பழக்கத்தில் வந்துவிட்டது. அடித்துவிட்டு எழுதப் பொறுமை இல்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.

மூன்று ஞாயிறாக நீ போனில் கூப்பிடும்போதெல்லாம் நான் எடுத்துவிட்டுப் பேசாமல் நின்றது கோபத்தால் இல்லை. "கம்பெனி கேக்குது, இன்னும் ரெண்டு மாசம் இருந்துட்டு வந்துடறேன்" என்று ஜனவரியில் நீ சொன்னபோது கோபம் வந்தது நிஜம். அது அப்போதே ஆறிப்போயிற்று. இப்போது போயிருப்பது என் குரல். நீ "ஹலோ, ஹலோ" என்று கத்திவிட்டு லைன் சரியில்லை என்று வைத்துவிடுகிறாய். லைன் நன்றாகத்தான் இருக்கிறது. பின்னால் இன்ஜின் ஓடுகிற சத்தம்கூட எனக்குக் கேட்கிறது.

பிப்ரவரியில் ஏதென்ஸ் போய் டாக்டரைப் பார்த்தேன். தொண்டைக்குள் கட்டிகள் இருக்கின்றனவாம். புற்று இல்லை, பயப்படாதே. "பதிமூணு வருஷம் வகுப்புல கத்தியிருக்கீங்க, அதோட பலன்தான் இது" என்றார், ஏதோ பரிசு கொடுக்கிற மாதிரி. ஒரு வார்த்தை பேசக்கூடாது, முணுமுணுக்கவும் கூடாது என்று உத்தரவு. மார்ச் 28 அன்று ஆபரேஷன். அதற்குப் பிறகு சிலருக்குக் குரல் பழையபடி வருமாம். சிலருக்கு மாறிப்போகுமாம். தந்தி கொடுத்து உன்னைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று இருந்தேன். எதிர்வீட்டு மரிகோவை அழைத்து உன்னிடம் பேசச் சொல்லியிருக்கலாம். ஆனால் மரிகோவுக்குத் தெரிந்தால் துறைமுகம் வரைக்கும் தெரிந்துவிடும். ஊராரிடம் வெறும் சளி என்று எழுதிக் காட்டினேன்.

டியூஷனை மூட முடியாது. மே மாதம் பிள்ளைகளுக்குப் பரீட்சை. நாலு மணிக்கு, பள்ளிக்கூடத்தில் பாதி உயிர் போய்விட்ட முகங்களோடு, கையில் சீஸ் பணியாரமும் வாயில் பாதியுமாக வந்து உட்காருகிறார்கள். இவர்களுக்கு இங்கிலீஷ் மரபுத்தொடர் சொல்லித்தர வேண்டும். எல்லாம் பன்னிரண்டு, பதிமூன்று வயது. நம் பேச்சை அப்படியே இங்கிலீஷில் தூக்கிப்போட்டு, "என் மாமா பெண் கேட்டுப் போய்க் கதவைத் தின்றார்" என்று எழுதுகிறார்கள். நம்மூரில் கதவைத் தின்பது என்றால் 'முடியாது' என்று திருப்பி அனுப்பப்படுவது, லண்டனில் யாரும் கதவைத் தின்பதில்லை என்று குரல் இல்லாமல் எப்படி விளக்குவது?

நடித்துக் காட்டினேன். வேறு வழியில்லை. பரீட்சைக்குப் பயப்படுகிறவனுக்கு வயிற்றில் வண்ணத்துப்பூச்சிகள் பறக்குமாம் இங்கிலீஷில். வயிற்றின் மேல் விரல்களைப் படபடவென்று அடித்துக்கொண்டு மேஜைகளுக்கு நடுவே ஓடினேன். பிள்ளைகள் சிரித்துச் சரிந்தார்கள். பிறகு அவர்களே எழுந்து நடிக்க, மற்றவர்கள் இங்கிலீஷில் கண்டுபிடித்துக் கத்த, நான் பலகையில் எழுத. பதிமூன்று வருடம் தொண்டை கிழியக் கத்தியதற்கு, வாயை மூடிய பிறகுதான் இவர்கள் படிக்கிறார்கள். இதற்கு நான் சந்தோஷப்பட வேண்டும். உடம்பில் தெம்பு இல்லை ஸ்தமாத்திஸ். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிடுகிறேன்.

இதற்குள் சதுக்கத்தில் புதிதாக ஒரு டியூஷன் திறந்துவிட்டார்கள். அங்கே வீடியோ உண்டாம். சளி என்ன ஒரு மாதமாகவா இருக்கும் என்று பேச்சு கிளம்பிற்று. வெள்ளிக்கிழமை மரிகோ ஏழெட்டு அம்மாக்களைத் திரட்டிக்கொண்டு வகுப்புக்கே வந்துவிட்டாள். பிள்ளைகள் முன்னாலேயே, "கோவிச்சுக்காதே அசிமினா, பேசாத டீச்சர்கிட்ட எம்பொண்ணு என்ன பேசக் கத்துக்கப் போறா? வீட்டுல ரேடியோ கெட்டுப்போனா நாம வேற வாங்கறதில்லையா?" என்று கேட்டாள். நான் உட்காரச் சொல்லிக் கை காட்டினேன். பாடத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். அவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் வாடகைக்குக்கூட வழியில்லை, கடையைக் கட்ட வேண்டியதுதான்.

பிள்ளைகள் மானத்தைக் காப்பாற்றினார்கள். ஒருத்தன் பையிலிருந்து பூனையை வெளியே விட்டான், ரகசியத்தை உளறுகிறானாம். இன்னொருத்தி தொண்டையில் தவளையோடு கரகரத்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். அம்மாக்களே சிரித்துவிட்டார்கள். கடைசியில் மரிகோவின் பெண் லெமோனியா எழுந்து வந்தாள். அவள் அதிகம் வாய் திறக்காத பிள்ளை.

காதில் ரிசீவரை வைப்பதுபோல் கையை வைத்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள். மறுபடி திறந்தாள். இன்னொரு கையால் தொண்டையைப் பிடித்துக்கொண்டு நெற்றியைச் சுவரில் சாய்த்தாள். பிறகு மெதுவாக ரிசீவரை வைத்துவிட்டு, அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றாள். பிள்ளைகள் புத்தகத்தில் இருக்கிறதையெல்லாம் கத்திப் பார்த்தார்கள். அவள் இல்லையென்று தலையாட்டினாள். "அது புத்தகத்துல இல்ல. அது டீச்சர்தான். ஞாயித்துக்கிழமை எங்க ஜன்னல்லேருந்து தெரியும்" என்றாள்.

எனக்கு அவமானமாக இருந்தது, அழுகையும் வந்தது. அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருத்தியின் புருஷனும் கடலில். ஞாயிற்றுக்கிழமை போன் என்றால் என்ன என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மரிகோதான் எழுந்து பக்கத்தில் வந்தாள். "சளின்னு சொன்னியேடி பாவி" என்று என் கையைப் பிடித்தாள். ஆபரேஷன் என்று பலகையில் எழுதினேன். "ஏதென்ஸுக்கு யாரு கூட வர்றா? யாரும் இல்லேன்னா நான் வரேன்" என்றாள்.

எல்லாரும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'ஸ்தமாத்திஸ் வருகிறார்' என்று எழுதிவிட்டேன்.

"அப்படின்னா சரி" என்றாள் மரிகோ. யாரும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகவில்லை.

ஏன் எழுதினேன் என்று நீ கேட்பாய். கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் நீ என்னைப் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். உனக்குத் தெரிந்த அசிமினா அந்தக் குரல்தான். அது மாறிப்போனால், அதை முதலில் நீ போனில் கேட்டு யாரோ என்று நினைத்துவிடக் கூடாது. நான் வாய் திறக்கும்போது நீ எதிரே இருந்து என் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இந்தக் கடிதம் சூயஸில் ஏஜென்ட் மூலம் உன் கைக்கு வரும். இருபத்திரண்டாம் தேதி வாக்கில் ராட்டர்டாம் என்று சொல்லியிருந்தாய். அங்கே இறங்கினால் சரியாக இருக்கும். கம்பெனிக்கு இன்னொரு இன்ஜினியர் கிடைப்பான்.

இன்று நீ கூப்பிடுவாய். எடுப்பேன், இந்த முறை ஜன்னல் திரையை இழுத்துவிட்டு. இந்தக் கடிதம் இன்னும் உன்னிடம் வந்திருக்காது, அதனால் கொஞ்சம் கத்திவிட்டு வைத்துவிடுவாய். அடுத்த முறை வைக்காதே. ஏதாவது பேசிக்கொண்டிரு, நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

கடல் உனக்கு அமைதியாக இருக்கட்டும், உன் கால் சுகமாகத் தரையில் படட்டும். நேற்றைய வகுப்பில் பலகையைத் துடைத்தேன், அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டு. நாளைக்கும் அதற்குப் பக்கத்திலேயே பாடம் எழுதிக்கொள்கிறேன். என்னை அதை அழிக்க வைத்துவிடாதே.

உன்
அசிமினா