திரிந்துபோன மறுவீட்டுச் சொதி

மதினி,

மூன்று நாளாகியும் அடுக்களையில் தேங்காய்ப்பால் வாசம் போகவில்லை. சென்னையில் உணவைப் பற்றி எம்.ஏ. படிக்கிற என் பேத்தி, இதற்கென்றே சங்கரன்கோவிலுக்கு வந்து சொதி வைத்துவிட்டுப் போனாள். சாப்பாட்டுக்கு எதற்கு மேல்படிப்பு என்று எனக்கு முதலிலிருந்தே சந்தேகம். குட்டித் தராசு ஒன்றில் இஞ்சியைக்கூட நிறுத்தாள்; பழைய கதையையெல்லாம் துருவித் துருவிக் கேட்டாள்.

“ஏட்டி, எவன் கேக்கச் சொன்னான் இதையெல்லாம்?”

“எங்க புரொபசர், ஆச்சி. சொதியப் பத்தித்தான் ஆய்வு எழுதுதேன்.”

“ஏன், அவரு வீட்ல ஆக்கிப் போட ஆளில்லையா?”

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நம் வீட்டுப் பக்குவத்தைப் பாட்டிலில் அடைத்து விற்க யாரோ ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்றே நினைத்தேன். ஆனாலும் சொன்னேன். உங்கள் தங்கச்சி கல்யாணத்துக்கு மறுநாள் நடந்தது எழுத்தில் ஏறட்டும் என்றுதான்.

சிவகிரியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் மறுவீட்டு விருந்துக்கு வந்திருந்தார்கள். சொதி வைக்கிற பொறுப்பை, உங்கள் தம்பியைக் கட்டி வந்து நாலு மாசமே ஆன என் தலையில் கட்டினீர்கள். பாசிப்பருப்பு, காய், மூன்றாம் பால், இரண்டாம் பால் எல்லாம் வரிசையாகச் சொன்னீர்கள். கெட்டியான முதல் பாலை, சட்டியை இறக்கி வைத்த பிறகுதான் ஊற்ற வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. கொதிக்கும்போதே ஊற்றினேன். திரிந்துவிட்டது. வந்தவர்கள் முன்னால், “புதுசுல்லா, பழகிக்கிடுவா” என்று சிரித்தீர்கள். அன்றைக்கு நீங்கள் கட்டியிருந்தது அரக்குச் சேலை. முந்தியில் மஞ்சள் கறை.

கேட்டு முடித்ததும் பேத்தி போனை எடுத்தாள். போன வருஷம் நீங்கள் சாவதற்கு முன்னாலேயே உங்களிடமும் கேட்டுப் பதிந்து வைத்திருக்கிறாள், கள்ளி. என்னிடம் மூச்சுவிடவில்லை.

உங்கள் குரல், இளைப்போடு:

“இறக்கி வச்சு ஊத்துட்டின்னு சொன்னேன், மக்கா. ஆளுங்க வந்த பதட்டத்துல அவ காதுல வாங்கல. புறவாசல்ல நின்னு அழுதா, பாவம்.”

பொய், மதினி. செத்த பிறகும் சாதிக்கிறீர்களே! ஆனால் நான் புறவாசலில் நின்று அழுததை யாரும் பார்க்கவில்லை என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். பார்த்தவர் ஏன் பக்கத்தில் வரவில்லை?

“ரெண்டு பேரும் ரெண்டு சொல்லுதீங்க, ஆச்சி. நான் எதை எழுத?”

அடுத்த மாதம் வாத்தியார்கள் முன்னால் அவள் இதை வாசிக்க வேண்டும். எழுத்தில் ஏறினால் ஏறினதுதான், அதன் பிறகு என் பேச்சு செல்லாது.

“பெரியாச்சி சொன்னதாவே எழுதிக்கோ. எனக்குக் கேக்கலன்னும் எழுது. வேணும்னே மெதுவாச் சொல்லியிருப்பாங்கன்னு ஒரு வரி சேத்துக்கோ.”

“அதையெல்லாம் ஆய்வுல எழுத முடியாது, ஆச்சி.”

“அப்புறம் என்னட்டி பெரிய படிப்பு?”

அவள் பஸ் ஏறிவிட்டாள். இன்று நானே சொதி வைத்தேன். முதல் பாலைக் கையில் எடுத்ததும், இறக்கி வைக்கச் சொல்லி உங்கள் குரல் பின்னாலிருந்து கேட்டது. போனில் கேட்டது மனசில் ஒட்டிக்கொண்டதா, அன்றைக்கே காதில் விழுந்து கிடந்ததா? என் காதையே இப்போது நான் நம்பவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அது இளைக்கிற கிழவியின் குரல் இல்லை, மதினி. அன்றைய உங்கள் இளவயசுக் குரல்.